ஏற்காட்டில் ஓர் இரும்பு இசை: கம்ப்யூட்டரில் கிடார் ஒலியைப் பெரிதாக்குவது எப்படி?

ஏற்காட்டில் காபி தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கிறார் என் அக்கா வீட்டுக்காரர். அவர் மகன் சேலத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. போன வருடம்தான் அவனுக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாள் அவர் என்னைப் போனில் அழைத்தார். "மாப்பிள்ளை, நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு. பையன் 45 ஆயிரத்துக்கு ஏதோ ஸ்பீக்கர் பெட்டி கேட்கிறான். அது இல்லாம பாட்டு வராதாம். வாங்கலாமா வேண்டாமா? சொல்லுங்க" என்றார். 45 ஆயிரம் என்பது அந்த வீட்டில் சின்னத் தொகை அல்ல. மகள் படிப்புக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அது.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போனேன். பையன் தன் நண்பர்களோடு சேர்ந்து பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டினான். ஹெவி மெட்டல் வகை. டிரம்ஸ் நன்றாக இருந்தது. பாடியவனும் நன்றாகத்தான் பாடினான். கிடார் மட்டும் டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல ரீங்காரம் போட்டது. "பார்த்தீங்களா மாமா, பெரிய ஆம்ப் இல்லாம இது நடக்காது" என்றான்.

அன்று மாலைக்குள் அதே லேப்டாப், அதே கிடாரை வைத்தே அந்த ஒலியைப் பெரிதாக்கிவிட்டோம். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களும் செய்யக் கூடியதுதான். பயப்பட வேண்டாம்.

ரிதம் கிடார் என்றால் என்ன?

இசைக்குழுவில் கிடார் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தனியாக மேலே பறந்து வாசிப்பது லீட். பாட்டுக்கு அடித்தளம் போட்டுத் தாளத்தோடு இறுக்கமாக வாசிப்பது ரிதம். ஹெவி மெட்டலில் ரிதம் கிடார்தான் சுவர். அது மெலிந்தால் பாட்டே சாய்ந்துவிடும்.

இந்த இசையின் பிறப்பிடமாகச் சொல்லப்படுவது இங்கிலாந்தின் பர்மிங்காம். அங்கே ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயோமி என்ற இளைஞர், 17 வயதில் எந்திரத்தில் சிக்கி இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் உறை செய்து மாட்டிக் கொண்டு, மெல்லிய கம்பிகளைப் பூட்டி வாசித்தார். பின்னாளில் கம்பிகளைத் தளர்த்தி, சுருதியையும் கீழே இறக்கினார். அவரது பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. இரும்பு பட்டறையில் பிறந்த இசை இது. உருக்காலை இருக்கும் சேலத்துக்கு மேலே அதை வாசிப்பதில் என்ன ஆச்சரியம்?

தமிழருக்கும் இது புதிதல்ல. சிங்கப்பூரில் 1992ல் தொடங்கிய ருத்ரா என்ற குழு, வேத மந்திரங்களையும் மெட்டல் இசையையும் சேர்த்து உலகெங்கும் பெயர் வாங்கியது. அதில் பாடி, பேஸ் கிடாரும் வாசிப்பவர் கதிர். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் 2009ல் சுவீடனின் ஓபெத் குழு வந்து வாசித்தது. மெட்டாலிகா 2011 அக்டோபரில் பெங்களூரில் வாசித்தது. எனவே, "இது நம்ம ஊர் இசை இல்லை" என்று ஒதுக்க வேண்டியதில்லை.

என்னென்ன தேவை?

முதலில் ஒரு எச்சரிக்கை. கிடாரின் ஒயரை லேப்டாப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். கிடாரின் பிக்கப் தரும் மின்சாரத்துக்கு ஏற்ற துளை அதுவல்ல. ஒலி மெலிந்து, இரைச்சலோடுதான் பதிவாகும். எங்கள் பையன் செய்திருந்த முதல் தவறே இதுதான்.

இதற்கு யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறிய பெட்டி தேவை. அதில் கிடாருக்கென்றே இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த துளையோ, பட்டனோ இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு கிடார் துளை உள்ள எளிய பெட்டியே போதும். பெரிய ஆம்ப் விலையில் இது சிறு பங்குதான். ஏற்காட்டில் நாங்கள் செலவழித்தது இது ஒன்றுக்குத்தான். அதுவும் பையனின் நண்பனிடமிருந்து பாதி விலைக்கு வாங்கியது.

அடுத்து சாப்ட்வேர். ரீப்பர் என்ற புரோகிராமை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். ஒரு காலத்தில் நம் எல்லார் கம்ப்யூட்டரிலும் பாட்டுப் பாடிய வினாம்ப் நினைவிருக்கிறதா? அதை உருவாக்கிய ஜஸ்டின் பிராங்கல்தான் ரீப்பரையும் உருவாக்கியவர். 60 நாட்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். முற்றிலும் இலவசமாக வேண்டும் என்பவர்கள் ஆடாசிட்டியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆம்ப் ஒலியைக் கேட்டுக் கொண்டே வாசிக்க ரீப்பர்தான் வசதி.

மூன்றாவது, ஆம்ப் பெட்டிக்குப் பதிலாகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இயங்கும் ஆம்ப். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளக்-இன் இலவசம். உண்மையான ஆம்ப்களின் ஒலியைப் படித்து வைத்த பைல்களை அதில் ஏற்றிக் கொள்ளலாம். இக்னைட் ஆம்ப்ஸ் நிறுவனத்தின் எமிசரியும் இலவசம்தான்.

இங்கேதான் பலரும் ஒரு படியைத் தவற விடுகிறார்கள். ஆம்ப் மட்டும் போதாது, ஸ்பீக்கர் பெட்டியும் வேண்டும். கிடார் ஆம்பில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கிறீச்சொலியைப் பெரும்பாலும் வெளியே விடாது. கம்ப்யூட்டரில் அந்த வேலையைச் செய்வது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் எனப்படும் சிறிய வேவ் பைல். இதை ஏற்றாவிட்டால் எவ்வளவு நல்ல ஆம்ப் பிளக்-இன் போட்டாலும் தேன்கூட்டைக் கலைத்தது போலத்தான் கேட்கும். பையனின் வண்டு ரீங்காரத்தில் பாதி, இந்தப் பைலை ஏற்றியவுடனே அடங்கிவிட்டது.

பதிவு செய்வது எப்படி?

1. ரீப்பரில் ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் திறந்து, ஆடியோ பிரிவில் டிவைஸ் என்பதைக் கிளிக் செய்யவும். அங்கே ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுக்கவும். இது இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும்.

2. பபர் அளவை 128 என்று வைக்கவும். நீங்கள் கம்பியைத் தட்டுவதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையிலான தாமதம் இதைப் பொறுத்தது. 44,100 ஹெர்ட்ஸில் 128 என்றால் அந்தப் படியில் ஏறக்குறைய 3 மில்லி செகண்ட். 1,024 என்றால் 23 மில்லி செகண்ட். அவ்வளவு தாமதத்தில் தாளத்தோடு வாசிக்க முடியாது. 128 வைத்து ஒலி வெட்டி வெட்டி வந்தால் 256க்கு மாற்றிப் பாருங்கள்.

3. கன்ட்ரோல், டி கீகளை அழுத்தினால் புதிய டிராக் வரும். அதிலுள்ள சிவப்பு பட்டனைக் கிளிக் செய்து, மானிட்டர் பட்டனையும் ஆன் செய்யவும். எப்.எக்ஸ். பட்டனைக் கிளிக் செய்து ஆம்ப் பிளக்-இன்னை ஏற்றவும்.

4. பலமாக வாசிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி இன்டர்பேஸின் குமிழைத் திருப்பவும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும். அதைப் பிறகு சரி செய்ய முடியாது.

இந்த முறையில் ஒரு லாபம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் பதிவாவது ஆம்ப் இல்லாத வெறும் கிடார் ஒலி. ஆம்ப் பிடிக்காவிட்டால் நாளைக்கு மாற்றிக் கொள்ளலாம். மீண்டும் வாசிக்க வேண்டாம். இடம் எவ்வளவு பிடிக்கும் என்கிறீர்களா? 24 பிட் மோனோவில் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்.பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு டிராக் 32 எம்.பி.தான்.

காப்பி, பேஸ்ட் உதவாது

இப்போது கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம். கிடார் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று பையன் என்ன செய்திருந்தான் தெரியுமா? பதிவு செய்த டிராக்கை அப்படியே காப்பி செய்து, ஒன்றை இடது பக்கமும் மற்றொன்றை வலது பக்கமும் தள்ளியிருந்தான். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் பலனில்லை. இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே ஒலி வந்தால், நம் காது அதை நடுவில் நிற்கும் ஒரே கிடாராகத்தான் எடுத்துக் கொள்ளும். சத்தம் கூடும். அகலம் கூடாது.

சரி, ஒரு காப்பியை 10 மில்லி செகண்ட் தள்ளி வைத்தால்? ஹெட்போனில் அகலமாகத்தான் தெரியும். ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள செல்போனில் இரண்டும் ஒன்று சேரும்போது, 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில சுருதிகள் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். கிடார் குழாய்க்குள் இருந்து வாசிப்பது போல ஆகிவிடும்.

கோயில் வாசலில் ஜோடி நாதஸ்வரம் கேட்டிருப்பீர்கள். இருவரும் வாசிப்பது ஒரே கீர்த்தனைதான். ஆனால் மூச்சு வேறு, விரல் வேறு. ஒருவர் ஒரு கமகத்தை மயிரிழை முன்னால் தொடுவார். மற்றவர் பின்னால் தொடுவார். அந்தச் சின்ன வேறுபாடுதான் பிராகாரத்தை நிறைக்கிறது. ஒருவரே இரு மடங்கு பலமாக ஊதினாலும் அது வராது.

ரிதம் கிடாருக்கும் இதே வழிதான். அதே பகுதியை இன்னொரு முறை முழுவதும் வாசித்துப் புதிய டிராக்கில் பதிவு செய்யுங்கள். முதல் டிராக்கின் பான் குமிழை முழுக்க இடது பக்கமும், இரண்டாவதை முழுக்க வலது பக்கமும் திருப்புங்கள். இதற்கு டபுள் டிராக்கிங் என்று பெயர்.

இது உலகப் புகழ் பெற்றவர்களும் செய்யும் வேலை. மெட்டாலிகாவின் 1986ம் ஆண்டு ஆல்பமான மாஸ்டர் ஆப் பப்பட்ஸில் கேட்கும் ரிதம் சுவர், ஜேம்ஸ் ஹெட்பீல்ட் அடுக்கடுக்காகத் தானே திரும்பத் திரும்ப வாசித்தது. ஒரே குரலை இருமுறை பாட பீட்டில்ஸின் ஜான் லெனானுக்குச் சலிப்பு. அதற்காகவே அபே ரோடு ஸ்டுடியோவின் என்ஜினீயர் கென் டவுன்சென்ட் 1966ல் டேப்பை வைத்துச் செயற்கை இரட்டிப்பு முறையைக் கண்டுபிடித்தார். கனத்த கிடாருக்கு மட்டும் இன்றும் கையால் இரண்டு முறை வாசிப்பதே சிறந்த வழி.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு முறையும் தாளம் பிசகக் கூடாது. இடது கிடார் நின்ற இடத்தில் வலது கிடார் இழுத்துக் கொண்டிருந்தால் சுவர் அல்ல, சரளைக் குவியல்தான் கிடைக்கும். மெட்ரோனோமை ஆன் செய்து கொண்டு, நான்கு நான்கு வரிகளாக வாசியுங்கள். எங்கள் பையனுக்கு இந்த ஒரு வேலைக்கே மூன்று மணி நேரம் ஆனது. விரல் வலிக்கிறது என்றான். அக்கா காபி போட்டுக் கொடுத்தார். மறுபடியும் உட்கார்ந்தான்.

கெயினைக் குறையுங்கள்

பலரும் கேட்டால் சிரிப்பார்கள். பெரிய ஒலிக்குக் கெயினைக் குறைக்க வேண்டும். ஆம்பில் கெயின் என்பது கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ். அதிகமாக வைத்தால் மெல்லத் தட்டியதும் பலமாகத் தட்டியதும் ஒரே அளவாகி விடும். தட்டும் தெறிப்பு போய்விடும். தெறிப்பு இல்லாத ஒலி எவ்வளவு சத்தமாக இருந்தாலும் சின்னதாகத்தான் கேட்கும்.

தனியாக வாசிக்கும்போது, "இன்னும் கொஞ்சம் இருக்கலாமே" என்று தோன்றும் அளவில் நிறுத்துங்கள். இரண்டு டிராக்குகள் சேரும்போது கரகரப்பும் சேர்ந்து கொள்ளும். பையன் 9ல் வைத்திருந்ததை 5க்கு இறக்கினோம்.

தம்புராவின் ரகசியம்

மெட்டலில் முழுக் கார்டுகளுக்குப் பதிலாகப் பவர் கார்டு வாசிப்பார்கள். நம் மொழியில் சொன்னால் அது சட்ஜமமும் பஞ்சமமும். தம்புராவில் கேட்கும் அதே ஜோடி.

கரகரப்பான ஆம்ப் வழியாக இரண்டு சுரங்கள் போனால், அவற்றின் வித்தியாசமும் ஒரு புதிய ஒலியாகப் பிறக்கும். கிடாரின் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸ். அதன் பஞ்சமம் 123.5 ஹெர்ட்ஸ். வித்தியாசம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். அதாவது அதே சட்ஜமம், ஒரு ஸ்தாயி கீழே. வாசிக்காத ஒரு சுரம் தானாக வந்து அடியில் உட்கார்ந்து கொள்கிறது. காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால் வேறு பல வித்தியாச ஒலிகளும் கிளம்பிக் குழப்பும். எனவே கனத்த இடங்களில் ச, ப மட்டும் போதும்.

பேஸ் கிடாருக்கு இடம் கொடுங்கள்

41 ஹெர்ட்ஸ் என்றதும் ஒன்று கவனித்தீர்களா? பேஸ் கிடாரின் தடித்த கம்பியின் சுருதியும் அதுதான். நாம் ஆல்பங்களில் கேட்டு வியக்கும் "கிடாரின் கனம்", பெரும்பாலும் பேஸ் கிடார் தரும் கனம். இரண்டும் ஒரே சுரத்தை ஒரே நேரத்தில் வாசிப்பதால் ஒரே கருவி போல நமக்குக் கேட்கிறது.

பையனின் கலவையில் பேஸ் கிடார் கேட்கவே இல்லை. கிடாரின் அடி ஒலியை ஏற்றி ஏற்றி அதை மூழ்கடித்திருந்தான். ரீப்பருடன் வரும் ரீஈக்யூவைத் திறந்து இப்படி மாற்றினோம்.

* கிடாரில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் பில்டர் போட்டு வெட்டினோம். அந்த இடம் பேஸுக்கும் டிரம்ஸின் உதைக்கும் உரியது.

* 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை இரண்டு, மூன்று டெசிபல் குறைத்தோம். சேறு போன்ற மந்தம் விலகியது.

* 9,000 ஹெர்ட்ஸுக்கு மேலே லோ-பாஸ் பில்டர் போட்டோம். மிச்சமிருந்த கிறீச்சொலி போனது.

* நடுப்பகுதியில், அதாவது 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை, கை வைக்கவில்லை. கிடாரின் முகம் அங்கேதான் இருக்கிறது. ஆம்பில் மிட் குமிழைப் பூஜ்யத்தில் வைப்பது தனியாகக் கேட்க அழகாக இருக்கும். பாட்டில் கிடார் காணாமல் போகும்.

இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும். உங்கள் காது சொல்வதைக் கேட்டு நகர்த்துங்கள். முக்கியமாக, கிடாரைத் தனியாகக் கேட்டுக் கொண்டு மாற்றாதீர்கள். எல்லாக் கருவிகளும் ஒலிக்கும்போது மாற்றுங்கள். தனியாகக் கேட்டால் மெலிவாகத் தெரியும் கிடார், பேஸோடு சேர்ந்ததும் மலை போல நிற்கும்.

இன்னொரு டிப்ஸ். பாட்டு முழுக்க இரண்டு கிடாரும் முழங்க வேண்டாம். சரணத்தில் ஒன்றை நிறுத்திவிட்டுப் பல்லவி வரும்போது இரண்டையும் விடுங்கள். சின்னதைக் கேட்ட பிறகுதான் பெரியது பெரிதாகத் தெரியும்.

மலை வீட்டுக்குச் சில குறிப்புகள்

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். பனியும் மழையும் அதிகம். ஈரத்தில் கிடார் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கழுத்து மரம் உப்பிச் சுருதி நகரும். பழைய கம்பியில் எந்த ஆம்பும் பளிச்சென்று பேசாது. பதிவுக்கு முன் புதுக் கம்பி மாட்டி, ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் சுருதி சேருங்கள். இரண்டு டிராக்குகளும் சுருதி விலகினால் இரட்டிப்பே வினையாகிவிடும்.

"ம்ம்ம்" என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால், வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சரி செய்யுங்கள். எர்த் பின்னை உடைத்துவிடுவது ஆபத்து. அதைச் செய்யவே கூடாது. சேர்வராயன் மலையில் கோடை இடி தொடங்கினால் பதிவை நிறுத்திவிட்டு, எல்லா பிளக்குகளையும் உருவிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை

பாட்டை எம்.பி.3யாக மாற்றி, ஹெட்போனில் கேளுங்கள். பிறகு ஒற்றை ஸ்பீக்கர் செல்போனில் கேளுங்கள். செல்போனில் கிடார் காணாமல் போனால் எங்கோ காப்பி, பேஸ்ட் வேலை மிச்சமிருக்கிறது. பழைய கலவையையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கிக் கொள்ளுங்கள். சத்தம் அதிகமாக உள்ளது எப்போதும் நன்றாக இருப்பது போலத் தோன்றும். அது காதின் ஏமாற்று.

மாலை ஆறு மணிக்குப் பையன் இரண்டு கலவைகளையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினான். அவருக்கு இந்த இசை பிடிக்காது. முதலாவதற்கு முகம் சுளித்தார். இரண்டாவது தொடங்கியதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தம் அதே சத்தம்தான். ஆனா இது ரெண்டு பக்கமும் நிக்குது" என்றார். டபுள் டிராக்கிங் பற்றி அதை விடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது.

45 ஆயிரம் ரூபாய் மகள் படிப்புக்கே இருக்கிறது. மேடையில் வாசிக்கும் நாள் வந்தால் ஆம்ப் தேவைப்படலாம். அதை அப்போது பார்த்துக் கொள்ளலாம். பாட்டைக் கல்லூரி விழாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். நீங்களும் கடைக்குப் போகும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதை வைத்து ஒரு முறை முயன்று பாருங்கள். முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதே பகுதியை இன்னொரு முறை வாசியுங்கள்.